வலிக்காத பிடி வேண்டும்!



"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று ஒரு பழமொழி உண்டு. முதலாம் ஆண்டில் பட்டறை வகுப்பில் அரம் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை கொப்பளித்த அந்த வாரத்தில் நம்மில் பலருக்கு இந்தப் பழமொழி மேல் கோபம் வந்திருக்கும். போகட்டும், வல்லவன் புல்லை வைத்துக் கொண்டு எப்படியாவது சமாளித்து விடுவான். கைவலிக்காரர் என்ன செய்வார்? கத்தி, கரண்டி, சாவி, குடம், குழாய் என்று வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அவரோடு சண்டைக்கு நிற்கிறதே!

மூட்டுவாதம் உள்ளவர்களின் கைக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றி வடிவமைப்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. நம் பட்டறையில் இருக்கிற லேத்தும் அரமும் துளைபோடும் இயந்திரமும் போதும். அதனால்தான் நம் பேரவை மலரில் எழுதலாம் என்று தோன்றியது.

அம்மாவின் கை

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அம்மா பீடி சுற்றுகிறாள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் வாசல் நடையில் பெண்கள் மடியில் சொளவை வைத்துக் கொண்டு குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றிக் கொண்டிருப்பார்கள். நானும் பத்தாம் வகுப்பு வரை சுற்றியவள்தான். இலையை நனைத்து, தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததற்கு அந்தக் கூலியும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித் தொகையும்தான் காரணம்.

மூன்று வருடத்துக்கு முன்பு அம்மாவுக்குக் கை வலி ஆரம்பித்தது. "காலையில எந்திரிச்சா விரலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்குட்டி" என்பாள். வெந்நீரில் கையை முக்கி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து மணி ஆனால்தான் விரல் கொஞ்சம் மடங்கும். "பீடி சுத்துறவளுக்குக் கை வலிக்காம காலா வலிக்கும்?" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தைலம் தேய்த்தே ஒரு வருடம் போய் விட்டது. அப்புறம் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து முடக்குவாதம் என்று சொன்னார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் போடுவதால் வீக்கம் குறைந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லி விட வேண்டும். கருவி மருந்தாகாது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்த மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டு அழியாமல் தப்பும். உங்கள் வீட்டில் யாருக்காவது காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு கை விரல்களும் இறுகிக் கிடந்தால், தைலத்தை நம்பிக் காலத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

வாதம் ஒன்றல்ல

கருவி செய்வதற்கு முன் கையைப் படிக்க வேண்டும். கை மூட்டு வலிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை.

ஒன்று, மேலே சொன்ன முடக்குவாதம். இது பெரும்பாலும் மணிக்கட்டையும், விரல் புறப்படுகிற முட்டியையும், நடு மூட்டையும் பிடிக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். நாள்பட்டால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து விடும். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

இன்னொன்று மூட்டுத் தேய்மானம். வயதானவர்களிடம் அதிகம். விரல் நுனி மூட்டுகளில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். கட்டைவிரலின் அடி மூட்டையும் பிடிக்கும். எங்கள் ஆச்சிக்கு இருப்பது இதுதான். ஆச்சிக்குச் சாவியைத் திருப்ப முடியாது. அம்மாவுக்குக் குடத்தைக் கழுத்தோடு பிடித்துத் தூக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே கைப்பிடி சரிப்படாது என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

பிடியின் கணக்கு

நம் பாடத்துக்கு வருவோம். கட்டைவிரல் நுனியாலும் ஆட்காட்டி விரல் நுனியாலும் ஒரு பொருளை 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடி மூட்டில் விழுகிற அழுத்தம் அதைப் போலச் சுமார் 12 மடங்கு! முதலில் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. நெம்புகோல் பாடத்தை நினைத்துப் பார்த்தேன், புரிந்து விட்டது. பளு விரல் நுனியில் இருக்கிறது. அதைச் சமன் செய்யும் தசைநாரோ மூட்டுக்கு வெகு அருகில் இழுக்கிறது. குறுகிய கையில் இழுத்து நீண்ட கையைச் சமாளிக்க வேண்டுமென்றால் விசை பல மடங்கு ஆகத்தானே வேண்டும்? பீடியின் முனையை மடக்குவதும், தகட்டை இலையோடு சேர்த்துப் பிடிப்பதும் இந்தக் கிள்ளல்தான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

அடுத்தது திருப்புவிசை. ஒரு திருப்புளியின் கைப்பிடியைத் திருப்பும் டார்க் என்பது, உராய்வுக் கெழுவை நாம் அழுத்தும் விசையாலும் கைப்பிடியின் விட்டத்தாலும் பெருக்கினால் வருவது. 20 மில்லிமீட்டர் கைப்பிடியை 40 மில்லிமீட்டர் ஆக்கினால் பாதி அழுத்தமே போதும். வழவழப்பை எடுத்து ரப்பர் சுற்றினால் உராய்வு கூடி, அழுத்தம் இன்னும் குறையும். நாம் லேத்தில் நர்லிங் போடுவது எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்களே, அந்தப் பதிலேதான்.

அதற்காக விட்டத்தைக் கூட்டிக் கொண்டே போகவும் முடியாது. கை முழுவதும் வளைத்துப் பிடிக்கிற கருவிகளுக்கு ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிமீட்டர் விட்டம் நல்லது என்று பணிச்சூழலியல் நூல்கள் சொல்கின்றன. கடையில் விற்கிற காய் நறுக்கும் கத்தியை வெர்னியரில் அளந்து பாருங்கள், இதில் பாதி கூட இருக்காது.

சுருக்கமாக விதிகள் இவை: கிள்ளுவதைக் குறைத்து உள்ளங்கையைப் பயன்படுத்து. சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்று. மணிக்கட்டை நேராக வை, வளைய வேண்டுமானால் கருவி வளையட்டும். எடையைக் குறை. வெட்டும் விளிம்பைக் கூர்மையாக வை.

ஒரு தோல் சீவியின் கதை

இந்த விதிகளை வைத்து உலகப் புகழ் பெற்ற சமையலறைச் சாமான் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் பாத்திரத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பெட்ஸி கட்டடக்கலை படித்தவர், கையில் மூட்டுவாதம். 1980களின் இறுதியில் இருவரும் பிரான்சில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தபோது, ஆப்பிள் தோல் சீவ முடியாமல் பெட்ஸி அவதிப்பட்டார். மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த அந்தச் சீவியைக் கை வலிக்காரர் எப்படிப் பிடிப்பது? அங்கே பிறந்த யோசனைதான் ஓக்ஸோ நிறுவனத்தின் 'குட் கிரிப்ஸ்' கருவிகள். நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கித் தர, 1990ல் சந்தைக்கு வந்தன.

அந்தச் சீவியின் கைப்பிடியை நம் கண்ணால் பார்ப்போம். தடித்த கறுப்புக் கைப்பிடி. சான்டோபிரீன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். ஈரக் கையிலும் வழுக்காது. குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பதால் கைக்குள் உருளாது. விரல் பதிகிற இடத்தில் சைக்கிள் கைப்பிடி ரப்பரில் இருப்பது போல மெல்லிய வரி வரியான செதில்கள். அவை யார் விரலுக்கும் ஏற்றபடி வளைந்து கொடுக்கும். சாதாரணச் சீவியை விட விலை கூடத்தான். ஆனாலும் கைவலி இல்லாதவர்களும் அதையே வாங்கினார்கள்! நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் அந்தச் சீவி இடம் பெற்றது.

இந்தக் கதையில் எனக்கு உறைத்த இடம் வேறு. பல வருடங்களாக 'நோயாளி மனைவிக்காகக் கணவர் இரக்கப்பட்டுச் செய்த கருவி' என்றுதான் இது சொல்லப்பட்டது. மூல யோசனையே தன்னுடையது என்றும், தன் பெயர் வெறும் மூட்டுவாதத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கப்படும் போலிருக்கிறது என்றும் பெட்ஸி பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். வலி உள்ளவருக்குத்தான் கருவியின் குறை தெரியும். அவரை வெறும் பயனாளியாக உட்கார வைக்காமல், வடிவமைப்பாளராகப் பக்கத்தில் வைத்துக் கொள்ள வேண்டும் என்பது நான் இதில் கற்ற பாடம்.

வலி இல்லாதவர்கள் அதைத் தெரிந்து கொள்ள வழி உண்டா? பாட்ரீசியா மூர் என்ற இளம் வடிவமைப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பற்றிய கூட்டத்தில், "மூட்டுவாதம் உள்ளவர் இதைத் திறக்க முடியுமா?" என்று அவர் கேட்டபோது, அப்படிப்பட்டவர்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்று பதில் வந்ததாம். அவர் சும்மா இருக்கவில்லை. 1979ல், தம் 26ஆம் வயதில், எண்பது வயதுக்கு மேற்பட்ட கிழவியாக வேடம் போட்டார். விரல்களை நாடா சுற்றிக் கட்டி மடங்காமல் செய்து, மேலே கையுறை மாட்டிக் கொண்டு, 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடமாடினார்.

நண்பர்களே, விடுதியில் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். விரல் கணுக்களில் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றி, மேலே தடித்த கையுறை போட்டுக் கொண்டு, சட்டைப் பித்தானைப் போடுங்கள், தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறங்கள், அறைப் பூட்டைத் திறங்கள். அரை மணி நேரத்தில் அழுகை வரும். இத்தனைக்கும் உங்களுக்கு வலி கிடையாது, வெறும் டேப்தான்!

நம் அரிவாள்மணை

வெளிநாட்டுக் கதையைச் சொன்னதால் நம்மிடம் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். அரிவாள்மணையைப் பாருங்கள். கத்தி நிலையாக நிற்கிறது. பலகையைக் கால் அழுத்திக் கொள்கிறது. கைப்பிடி என்று ஒன்றே கிடையாது. காயை இரண்டு கையாலும் பிடித்துத் தோள் பலத்தில் தள்ளினால் போதும். கத்தியை இறுக்கிப் பிடிக்கிற வேலையே மிச்சம். கையில் பலம் இல்லாதவர்களுக்கு என்று மேல்நாடுகளில் விற்கிற, கத்தி பொருத்திய பலகைகளும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். எங்கள் அம்மா கத்தியைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது, அரிவாள்மணையை விடவில்லை.

அதில் குறையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர் தரையில் குந்த முடியாது. அதே அரிவாள்மணையை மேசை உயரத்தில் ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்தினால் ஆச்சியும் நறுக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. அடுத்த செட் மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

கத்தரிக்கோல் புராஜெக்ட்

அரிவாள்மணையில் இருந்துதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்டும் வந்தது. அம்மாவுக்கு மிகவும் சிரமமானது இலை வெட்டுவது. கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, மூடும்போது ஒரு வலி, விரல் முதுகால் தள்ளித் திறக்கும்போது இன்னொரு வலி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பீடி இலை வெட்டும் கத்தரியை மாற்றி அமைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். "கத்தரிக்கோலா புராஜெக்ட்?" என்று வகுப்பில் சிரித்தார்கள். பட்டறை சார் மட்டும், "புராஜெக்ட்டுன்னா லாரி மாதிரி பெருசா இருக்கணும்னு எவன் சொன்னது? செய்ங்க" என்றார்.

முதலில் கையை அளக்க வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைந்து அம்மாவின் உள்ளங்கையில் கொடுத்து, வலிக்காத அளவுக்கு அழுத்தச் சொன்னோம். எந்த இடம் ஆழமாகப் பதிகிறது, எந்த இடம் தொடவே இல்லை என்று அந்த அச்சே காட்டிக் கொடுத்தது. விரல்கள் பதிந்த இடம் வெறும் கீறல். உள்ளங்கையின் அடிமேடுதான் நன்றாகப் பதிந்திருந்தது. அங்கேதான் பலம் மிச்சம் இருக்கிறது!

அதை வைத்து வரைந்தோம். கத்தரியின் கீழ்க் கையை ஒரு வேப்பம் பலகையில் போல்ட் போட்டு நிறுத்தினோம். மேல்கையின் வளையத்தை அறுத்து, நீளத்தைக் கூட்டி, உள்ளங்கை உட்காருகிற மரக்கட்டையைப் பொருத்தினோம். பழைய இரும்புக் கடையில் கிடைத்த, செடி வெட்டும் கத்தரியின் ஸ்பிரிங்கை இடையில் வைத்தோம். அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே திறக்கும். பலகை நகராமல் இருக்க அடியில் லாரி டியூப் ரப்பர். இலைமேல் வைக்கிற தகட்டைக் கிள்ளிப் பிடிக்காமல் இருக்க, அதன் முதுகில் ஒரு மரக் குமிழை ஒட்டினோம். கத்தரியைச் சாணை பிடித்தோம். சாணைக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தபோது, வெட்டத் தேவைப்பட்ட விசை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இருபது ரூபாய்ச் சாணையில் இவ்வளவு லாபம்! மொத்தச் செலவு 340 ரூபாய்.

உள்ளங்கைக் கட்டையைத் தட்டையாக ஒன்று, உருண்டையாக ஒன்று, குழிவாக ஒன்று என மூன்று செய்து கொண்டு போனோம். அம்மா மூன்றிலும் பத்துப் பத்து இலை வெட்டினாள். குழிவானதைக் காட்டி, "ஏட்டி, இது விரலைக் கேக்கல, தோளைக் கேக்கு" என்றாள். சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்று என்று நான் புத்தகத்தில் படித்ததை, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒரு வரியில் சொல்லி விட்டாள். எங்கள் புராஜெக்ட் அறிக்கையின் முடிவுரையில் அதை அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஒரு கேள்வி

செய்து முடித்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி குடைந்தது. நோய் வந்த கையை ஓய்வாக வைக்காமல், இன்னும் கொஞ்ச காலம் அதனிடம் வேலை வாங்குவதற்கா கருவி செய்கிறோம்? "விட்டுருமா, நான் சம்பாதிக்கப் போறேன்ல" என்று அம்மாவிடம் சொன்னேன். "நீ சம்பாதிக்கும்போது பாப்போம். சும்மா உக்காந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்" என்றாள்.

பிறகு அம்மாவே ஒரு வழி செய்தாள். சுருட்டுவதும் முனை மடக்குவதும் அவளால் முடியவில்லை. அதற்கு எந்தக் கருவியும் எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அதனால் இப்போது பக்கத்து வீட்டு மதினிக்கும் சேர்த்து அம்மா இலை வெட்டிக் கொடுக்கிறாள், மதினி சுற்றுகிறாள், கூலியைப் பங்கு வைத்துக் கொள்கிறார்கள். முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது. ஆனால் ராத்திரி கையைப் பிடித்துக் கொண்டு முழித்திருப்பது குறைந்து விட்டது. எந்த வேலையை விடுவது, எந்த வேலையை வைத்துக் கொள்வது என்று அவளே முடிவு செய்கிற நிலைமை வந்திருக்கிறது. என் கேள்விக்கு இதைத்தான் பதிலாக எடுத்துக் கொண்டேன்.

நீங்களும் செய்யலாம்

காசு அதிகம் இல்லாமல் இந்த விடுமுறையிலேயே செய்யக் கூடியவை சில:

1. கரண்டி, கத்தி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றின் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரையோ ஃபோம் குழாயையோ மாட்டுங்கள்.

2. வட்டத் திருகு உள்ள தண்ணீர்க் குழாயை மாற்றி, நீளமான நெம்பு உள்ள குழாயைப் பொருத்துங்கள். முழங்கையாலேயே திறக்கலாம்.

3. சாவியின் தலையில் 75 மில்லிமீட்டர் மரக் குச்சியைக் குறுக்கே பொருத்துங்கள். கிள்ளித் திருப்ப வேண்டாம், நெம்பித் திருப்பலாம்.

4. வீட்டில் உள்ள அத்தனை கத்தி, கத்தரியையும் சாணை பிடித்துக் கொடுங்கள். மொட்டைக் கத்தி மூட்டுக்கு எமன்.

5. கதவுத் தாழ்ப்பாள், கீல், ஜன்னல் கொக்கி எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உராய்வு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது நமக்குத் தெரிந்த பாடம்தானே!

அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக்கலைஞர் இருந்தார். போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எல்லோருக்கும் பொருந்துகிற வடிவமைப்பு என்ற கருத்தைப் பரப்பியவர். 1997ல் அவரும் மற்ற நிபுணர்களும் சேர்ந்து வெளியிட்ட ஏழு கோட்பாடுகளில் ஒன்று, குறைந்த உடல் உழைப்பில் பயன்படுத்தக் கூடியதாகக் கருவி இருக்க வேண்டும் என்பது. நாம் டிப்ளமோ முடித்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும், கைப்பிடியோ திருகோ நெம்போ ஏதோ ஒன்றை வரையத்தான் போகிறோம். வரைபடத்தில் விட்டம் எழுதும் முன், அதைப் பிடிக்கப் போகிற கை எது என்று ஒரு நிமிடம் கேளுங்கள்.

இந்த வருடம் வீட்டுக்குப் போகும்போது பையில் ஒரு வெர்னியரையும் கொஞ்சம் சைக்கிள் ரப்பரையும் எடுத்துப் போங்கள். ஆச்சியோ தாத்தாவோ அத்தையோ எந்தச் சாமானை எடுக்கும்போது முகம் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேயே உங்கள் புராஜெக்ட் இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு மாணவி,
இயந்திரவியல் துறை